முற்றத்துச் செடியும் கூட்டு மருந்தும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் லயத்து முற்றங்களில் நித்தியகல்யாணி பூத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். பூசைக்கும் அப்பூவைக் கொய்வர். மயானத்து ஓரத்திலும் அச்செடி முளைக்கும். அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் முக்கிய மருந்துகளுள் ஒன்றாகும்.

ஆயினும் அது தனித்து நின்று வெல்லவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்களான பிரை, பிரைரைக் ஆகியோர் வேறு மூன்று மருந்துகளை அதனுடன் சேர்த்துக் கொடுத்தனர். ஒரு மருந்துக்குத் தப்பிய புற்றணு மற்றொன்றுக்கு அகப்படும் என்பது அவர்கள் எண்ணம். இன்று செல்வ நாடுகளில் அந்நோயுற்ற பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைக்கின்றனர்.

எதனுடன் எதனைச் சேர்ப்பது என்பதே வினா. 104 மருந்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 5,356 சோடிகள். மும்மூன்றாகச் சேர்த்தால் 182,104 கூட்டுகள். அளவுகளை மாற்றினால் இத்தொகை இன்னும் பெருகும். அத்தனையையும் எந்த ஆய்வுகூடத்தால் சோதிக்க இயலும்?

கூட்டின் பயனை அளக்க 1939இல் பிளிஸ் என்னும் அறிஞர் ஒரு கணக்கு வகுத்தார். இரு மருந்துகளும் தனித்தனியே நூற்றில் ஐம்பது புற்றணுக்களை அழிப்பன என்று கொள்வோம். முதலாவதற்குத் தப்பிய ஐம்பதில் பாதி இரண்டாவதற்கு மடியும், ஆக எழுபத்தைந்து. தொண்ணூறு மடிந்தால் மருந்துகள் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. அறுபதே மடிந்தால் பிணங்குகின்றன.

இதனைச் சோதனைக்கு முன்னரே ஊகிக்கக் கணினி உதவுகிறது. 2018இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் பல்கலைக்கழகத்தார், 583 சோடிகளை 39 வகைப் புற்றணுக்களில் சோதித்த முடிவுகளைக் கணினிக்குக் கற்பித்தனர். மருந்தின் மூலக்கூற்று அமைப்பையும் புற்றணுவின் மரபணுச் செயலையும் ஒப்பிட்டு, புதிய சோடியின் பயனை அது கணித்தது. ஆனால், முன் கண்டறியாத மருந்து வந்தபோது அதன் கணிப்புத் தளர்ந்தது. மேலும், கண்ணாடித் தட்டில் வளரும் அணுவுக்கு ஈரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. ஆதலால் கணினி தேடும் பரப்பைச் சுருக்கலாம். நோயாளருக்கு ஏற்றதா என்பதை முறையான மருத்துவச் சோதனையே தீர்மானிக்கும்.

தோட்டத்திலிருந்து மகரகம வைத்தியசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய்க்கு இதனால் என்ன பயன்? “எங்கள் வாசலில் நிற்கும் செடிதானே, இலையை அவித்துக் கொடுத்தால் ஆகாதா?” என்று கேட்போர் உளர். ஆகாது. இலையிலுள்ள வின்கிறிஸ்டின் மிக நுண்ணியது. அதனுடன் நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. மருத்துவர் பிள்ளையின் உடலளவைக் கணித்தே அம்மருந்தை ஊசி வழியாக ஏற்றுகின்றனர். அளவு மிகுந்தால் நரம்புகள் கெடும்.

அளந்து கொடுக்கும் இரு மருந்துகளே பிணங்கக்கூடும் என்றால், அளவறியாத கசாயம் என்ன செய்யும் என்று எவரால் கூற முடியும்? வீட்டில் எதைக் கொடுத்திருந்தாலும் மருத்துவரிடம் மறையாது சொல்லுவோம். முற்றத்துப் பூ முற்றத்திலேயே மலரட்டும்.