மலைக்கு வந்த விருந்தாளிகள்

கோடையில் திருநாவலூரிலிருந்து உதகைக்குப் போய் வருகிறவர்கள், "அங்கே கண்ட ஊதாப்பூ மரம் நம் ஊரில் வளருமா?" என்று கேட்பது வழக்கம். வளரும், ஆனால் மலையில் பூப்பதுபோல் சமவெளியில் பூத்துக் குலுங்காது. நாவல் மரமே தலமரமாக விளங்கும் ஊர் திருநாவலூர். அங்குள்ளோருக்கு, மண்ணறிந்து மரம் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தர வேண்டுமா?

கடல் கடந்து வந்தவை

அந்த ஊதாப்பூ மரம் ஜெகரண்டா. சொந்த ஊர் தென்அமெரிக்கா. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் இலையுதிர்ந்த கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. இன்னும் உயரமான உதகையில் மாக்னோலியா, தேயிலைக்கு உறவான கமீலியா முதலியவை குளிரைத் தாங்கி நிற்கின்றன. உதகை அரசினர் தாவரவியல் பூங்காவை 1848-இல் அமைக்கத் தொடங்கியவர், லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர்.

பனிக்குக் குடை

குளிர்நாட்டுச் செடி என்றாலும் உறைபனி இளங்கன்றின் தளிரைக் கருக்கிவிடும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் பூங்கா ஊழியர்கள் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடுகிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் உண்டு.

வீட்டைப் பிடித்த விருந்தாளி

எல்லா விருந்தாளியும் நல்லவரல்ல! ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் அழகாகத்தான் பூக்கிறது. விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும் அதை மலையெங்கும் நட்டார்கள். அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் திரும்பவும் கூட்டமாக முளைக்கும். மழைநீரை உறிஞ்சிவைத்து ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகத் தரும் புல்வெளி இதனால் மறைந்தது. தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் குறைந்தது. மலை ஓடை வற்றினால், பவானித் தண்ணீரை நம்பிய சமவெளி உழவனுக்கும் நட்டமல்லவா? இத்தகைய அந்நியத் தாவரங்களை அகற்றவே தமிழக அரசு 2022-இல் தனிக் கொள்கை வகுத்தது.

நடுமுன் மூன்று கேள்வி

கல்வராயன் மலையிலோ ஏற்காட்டிலோ பூமரம் வைக்க விரும்புவோர் மூன்று விஷயங்களை விசாரித்தறிவது நலம். அந்த உயரத்துக் குளிர் அதற்கு ஒத்துவருமா? விதை தானாகப் பரவிக் காட்டில் நுழையுமா? ஓடைக்கும் புல்லுக்கும் இடைஞ்சல் செய்யுமா? பதில் திருப்தியாக இருந்தால் வீட்டு முற்றத்தில் நடலாம், காட்டோரத்தில் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் மலைக்கே உரிய மரம் இருக்கவே இருக்கிறது. நீலகிரியில் செக்கச் செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசை எந்த நாட்டிலிருந்தும் கொண்டுவரவில்லை!