பொம்மைப் படைவீரர் சேகரிப்பும் அதுபற்றிய கண்டனங்களும்: சில குறிப்புகள்

ஐரோப்பிய நாடுகளில் சிறுவர்க்கெனச் செய்யப்பட்ட சின்னஞ்சிறு படைவீரர் உருவங்களை வளர்ந்தோர் தேடி வாங்கித் தொகுத்து வைக்கும் வழக்கம் நீண்டகாலமாக நிலவி வருகின்றது. முத்திரை சேகரிப்பைப் போல இதுவும் எவர்க்கும் ஊறு செய்யாத பொழுதுபோக்கே என்று கொள்வாருளர். எனினும், எந்தப் படையின் உருவத்தைச் செய்யலாம், எதனை விற்கலாம், எதனை வீட்டிற் காட்சிக்கு வைக்கலாம் என்னும் வினாக்கள் இத்துறையினரிடையே ஓயாத பூசலாகவே இருந்து வருகின்றன. அப்பூசலின் இயல்பை விளக்கி, அதில் இரு திறத்தாரும் காணத் தவறுவதாக நாம் கருதும் ஒன்றைச் சுட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூசல் புதியதன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கில்லட்டின் என்னும் தலைவெட்டு யந்திரத்தின் சிறு மாதிரிகள் விளையாட்டுப் பொருளாக விற்பனையாயின. 1793ஆம் ஆண்டில் ஜேர்மானிய மகாகவி கதே, நான்கு வயதை எட்டவிருந்த தம் மகனுக்கு அவற்றுள் ஒன்றை வாங்கி அனுப்புமாறு பிராங்பேர்ட் நகரில் வாழ்ந்த தம் தாயாரை வேண்டினார். தாயார் மறுத்துவிட்டார். தமக்கு அதிகாரமிருந்தால் அதனைச் செய்தோரைத் தண்டித்து, அந்த யந்திரத்தையும் பகிரங்கமாக எரிப்பித்திருப்பதாக அவர் விடையெழுதினார். உலகம் போற்றும் கவிஞருக்குத் தோன்றாத கூச்சம் அவருடைய அன்னைக்குத் தோன்றியமை சுவையானது. அவ்வன்னையின் எதிர்ப்புக் குழந்தையின் கையைப் பற்றியது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இன்று இவ்வுருவங்களை வாங்குவோர் பெரும்பாலும் குழந்தைகளல்லர்.

படைவீரர் உருவங்களின் வரலாறு நூரம்பேர்க் நகரோடு நெருங்கிய தொடர்புடையது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு ஹில்பேர்ட் குடும்பத்தினர் வெள்ளீயத்தில் தட்டையான உருவங்களை வார்த்தனர். அடுத்த நூற்றாண்டில் அந்நகரத்து ஹைன்றிக்சன் பட்டறை ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் உயரத்தைத் தன் அளவாகக் கொண்டது. பிறரும் அதனைப் பின்பற்றவே, வெவ்வேறு பட்டறைகளின் உருவங்களை ஒரே அணியில் நிறுத்துதல் இயல்வதாயிற்று. சேகரிப்பு என்னும் பழக்கத்துக்கு இப்பொது அளவும் வழிகோலியது எனலாம். 1893இல் இலண்டனில் பிரிட்டன் குடும்பத்தினரின் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கையாளத் தொடங்கியது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சுச் சுவரையொட்டிய பகுதி இறுகியதும் எஞ்சிய உலோகத்தைக் கவிழ்த்து வெளியேற்றிவிடுவர். இதனால் ஈயச் செலவு குறைந்தது, விலையுந் தாழ்ந்தது. 54 மில்லிமீற்றர் உயரத்தில் பேரரசின் படைப்பிரிவுகள் பல சிவப்பு அட்டைப் பெட்டிகளில் விற்பனைக்கு வந்தன.

அப்பெட்டிகளுள் சென்னைக் காலாட்படையும் ஒன்றாக இடம்பெற்றது. தமிழ் வழங்கிய மாகாணத்துச் சிப்பாய் இவ்வாறு இலண்டன் வீட்டு மேசைகளில் அணிவகுத்தான். சூலூ வீரர்களின் பெட்டியும் இருந்தது. ஆனால் சூலூ வீரன் ஆயுதமேந்தி ஓடும் கோலத்தில் வார்க்கப்பட்டான். பேரரசின் சிப்பாய் ஒழுங்காக நடப்பவன், பேரரசை எதிர்த்தவன் ஓடுபவன் என்னும் பாடத்தைச் சிறுவன் எவரும் சொல்லாமலே கற்றுக்கொண்டான். அக்காலத்தில் இதனைக் குற்றமெனக் கூறியோர் அரியர். எதிர்ப்புக் கிளம்பியபோதும் அது போர் விளையாட்டு முழுவதற்கும் எதிராகவே கிளம்பிற்று. 1914இல் இலண்டனில் நடந்த குழந்தை நலக் கண்காட்சியொன்றில், படைவீரர்க்கு மாற்றாகச் ‘சமாதான விளையாட்டுப் பொருள்கள்’ வைக்கப்பட்டன. சாகி என்னும் புனைபெயரில் எழுதிய எழுத்தாளர் இதனை எள்ளி ஒரு சிறுகதை புனைந்தார். அதில் வரும் சிறுவர்கள் தமக்களிக்கப்பட்ட சமாதானப் பொம்மைகளைக் கொண்டே கொலைக்களம் அமைத்துவிடுகின்றனர். சாகி 1916இல் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். போருக்குப் பின்னர் பிரிட்டன் நிறுவனமே பசு, ஆடு, உழவர் முதலிய பண்ணை உருவங்களை வார்க்கலாயிற்று. இறுதியில், 1960களின் நடுப்பகுதியில் ஈயப் படைவீரரைப் பிரித்தானியச் சிறுவர் கையினின்று நீக்கியவை ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய விதிகளும் பிளாஸ்ரிக்கின் மலிவுமேயன்றி அறநெறி வாதங்களல்ல.

இன்றைய கண்டனங்களின் மையம் வேறோர் இடத்தில் உள்ளது. ஜேர்மனியில் ஹௌசர் நிறுவனத்தார் எலாஸ்ரொலின் என்ற பெயரிலும், பிரண்டன்பேர்க் நகரத்தில் வேறொரு நிறுவனத்தார் லினியோல் என்ற பெயரிலும், மரத்தூளையும் பசையையும் வெண்களியையும் பிசைந்து கம்பிச் சட்டத்தின்மேல் அழுத்தி உருவங்களைச் செய்தனர். இவை பெரும்பாலும் 7 சென்ரிமீற்றர் உயரமுடையவை. 1933இன் பின்னர் நாஜிக் கட்சியின் படைப்பிரிவுகளும் இவ்வாறு செய்யப்பட்டன. ஹிற்லரின் உருவமும் செய்யப்பட்டது. அதன் வலக்கரத்தைச் சிறுவன் தன் விரலால் உயர்த்தி வணக்கஞ் செய்யவைக்கலாம்.

ஜேர்மனியின் இன்றைய குற்றவியற் சட்டத்தின் 86அ பிரிவு, தடைசெய்யப்பட்ட இயக்கங்களின் சின்னங்களைப் பகிரங்கமாகப் பயன்படுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றது. கலை, ஆய்வு, கற்பித்தல் முதலியவற்றுக்கு விலக்குண்டு. ஆதலால் விற்பனைப் பட்டியற் படங்களில் அச்சின்னம் மறைக்கப்படுவதும், மாதிரி விமானப் பெட்டிகளில் அது இல்லாதொழிவதும், ஒட்டுவோர் பின்னர் சேர்க்குமாறு இரு துண்டாக அச்சிடப்படுவதும் உண்டு. பிரான்சில் 2000ஆம் ஆண்டில் பாரிஸ் நீதிமன்றமொன்று, யாகூ நிறுவனத்தின் ஏலத்தில் வைக்கப்பட்ட நாஜிப் பொருள்கள் பிரான்சிலுள்ளோர்க்குக் கிட்டாதவாறு தடுக்குமாறு கட்டளையிட்டது. (சுவஸ்திகத்தை மங்கலக் குறியாகப் போற்றும் நமக்கு இதில் தனிச் சங்கடமொன்றுண்டு. 2007இல் அச்சின்னத்தை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் தடைசெய்யும் யோசனை எழுந்தபோது பிரித்தானிய இந்துக்கள் அதனை எதிர்த்தனர்.)

சின்னத்தை மறைத்தாற் போதுமா? காகிதத் துண்டால் கைப்பட்டையை மூடிவிட்டால், எஸ்.எஸ். படையினன் கரிய சீருடையணிந்த மிடுக்கான இளைஞனாகவே எஞ்சுகின்றான். மறைப்பு அவனை அழகுபடுத்துகின்றது என்றே கூறலாம்.

சேகரிப்போர் இதற்கு வரலாற்றைத் துணைக்கழைப்பர். நடந்ததை மறைத்தல் தகாது, நெப்போலியனின் படையைச் செய்யலாமெனில் இதனையும் செய்யலாம், தொகுதி முழுமை பெறவேண்டும் என்பன அவர்கள் கூற்று. எதிர்ப்போர், உறவினரை இழந்தோர் இன்னும் வாழ்கையில் இது புண்ணைக் கிளறுவதாகும் என்பர். எமது எண்ணத்தில், 1930களில் செய்யப்பட்ட பழைய உருவமும் அண்மையிற் புதிதாக வார்க்கப்பட்ட உருவமும் ஒன்றல்ல. முன்னது ஒரு சான்று. குழந்தைகளுக்கு அன்று என்ன ஊட்டப்பட்டது என்பதைக் காட்டுவது. பின்னது இன்றைய ஒருவரின் தெரிவு. முழுமை என்னும் வாதத்தைப் பின்னதின்மீது வைத்துச் சோதித்தல் தகும்.

இன்றைய விலைப்பட்டியல்களில் ‘எல்.ஏ.எச்.’ என்னும் மூன்றெழுத்துக்களைக் காணலாம். அவை ஹிற்லரின் பெயரைத் தாங்கிய எஸ்.எஸ். மெய்க்காவற் படையைக் குறிப்பன. சுருக்கம் அப்பெயரை விழுங்கிவிட்டது. அப்படையின் அணிவகுப்பும் வாத்தியக் குழுவும் அலமாரியில் நிற்கும். 1944 டிசம்பர் 17ஆம் நாள் பெல்ஜியத்தின் மல்மெடி நகரருகே, அப்படையைச் சேர்ந்த பிரிவொன்று சரணடைந்த அமெரிக்கக் கைதிகள் எண்பதுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்ற வயல்வெளி அங்கு நிற்பதில்லை. பொத்தானின் நிறம்வரை உண்மையை நாடுவோர் இவ்விடத்தில் மட்டும் உண்மையை நாடுவதில்லை. எனவே ஆட்சேபத்துக்குரியது தனியொரு உருவத்தின் சீருடையன்று, தொகுதியின் தெரிவே என்பது எமது கருத்து. சட்டம் சின்னத்தை நோக்குகின்றது, சேகரிப்பாளர் நுட்பத்தை நோக்குகின்றனர். தொகுதியை நோக்குவார் சிலரே.

அதனை நோக்கியோர் கலைஞர்கள். போலந்துக் கலைஞர் ஸ்பிக்னியெவ் லிபெரா 1996இல் லெகோ கட்டைகளைக் கொண்டு நாஜி வதைமுகாமொன்றை, கடையில் விற்கும் பெட்டிகளைப் போன்றே அமைத்தார். கைதிகளாக நின்றவை கடற்கொள்ளையர் விளையாட்டுத் தொகுதியின் எலும்புக்கூட்டு உருவங்கள். அந்நிறுவனம் கடுமையாக ஆட்சேபித்தது. யூத அமைப்புகள் சிலவும் புண்பட்டன. பிரித்தானியாவின் சப்மன் சகோதரர் ஆயிரக்கணக்கான சிற்றுருவங்களைக் கொண்டு ‘நரகம்’ என்னும் காட்சியை அமைத்தனர். நாஜிச் சீருடையினர் அதில் வதைப்போராகவும் வதைபடுவோராகவும் தோன்றினர். அது 2004இல் களஞ்சியத் தீயில் அழிந்தது; 2008இல் மீண்டும் அமைத்தனர். கொல்வோனோடு கொல்லப்படுவோனையும் மேசையில் வைத்தபோதே கூக்குரல் உரத்து எழுந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. லிபெராவின் ஆக்கம் எம்மையும் கூசவைக்கின்றது. அக்கூச்சம் வேண்டியதே என்று கருதுகின்றோம்.

பழைய உருவங்களைப் பற்றி இன்னுமொன்று. 1936இல் ஏழு வயதில் எலாஸ்ரொலின் வீரரை வைத்து விளையாடிய ஜேர்மானியச் சிறுவனுக்கு 1945இல் வயது பதினாறு. போரின் இறுதிக்கட்டத்தில் 16 முதல் 60 வயது வரையான ஆண்களைத் திரட்டிய மக்கட்படை அவனையும் அழைத்தது. அவனது விரல் பட்டு வண்ணந் தேய்ந்த உருவங்கள் இன்றும் ஏலங்களுக்கு வருகின்றன. பெட்டியினின்று எடுக்கப்படாதவற்றை விட அவற்றுக்கு விலை குறைவு.