'ம்' கொட்டுபவர்கள்

குழந்தைகளுக்குக் கதை சொல்வது பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. குழந்தைகள் கூடிக் கதை கட்டுவது பற்றி அநேகமாகப் பேசியதில்லை. சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர் என்ற ஏற்பாட்டிலுள்ள அதிகாரம் நம்மை உறுத்துவதில்லை. இத்தனைக்கும் நம் கதைசொல்லலில் கேட்பவர் வெறும் காது அல்ல. 'ம்' கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள்.

நான் மாலை வகுப்பு நடத்திய தெருவில் ஐந்தாறு வயதுக் குழந்தைகள் எட்டுப் பேர். முதல் நாள் 'ஆளுக்கொரு கதை சொல்லுங்க' என்றேன். காகம், நரி, வடை என்று பாடப்புத்தக மொழியில் ஒப்பித்தார்கள். தப்பு என்னுடையது, நான் கேட்டது பரீட்சைக் கேள்வி.

இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரொடாரி 1973இல் வெளியான கற்பனையின் இலக்கணம் பற்றிய நூலில் ஒரு வழி சொல்கிறார்: சம்பந்தமில்லாத இரண்டு சொற்களை அருகருகே வைப்பது. அவர் வைத்தவை நாயும் அலமாரியும். நாங்கள் ஆட்டையும் பஸ்ஸையும் வைத்தோம். 'ஆடு பஸ்ல ஏறுச்சு' என்றான் ஒருவன். நான் 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டேன். 'கண்டக்டரு டிக்கெட் கேட்டாரு.' 'அதுகிட்ட காசில்ல.' 'எறக்கி விட்டுட்டாங்க.' கதை முடிந்துவிட்டதாகத்தான் பட்டது. அதுவரை வாயே திறக்காத சிறுமி சொன்னாள்: 'எல்லாரும் எறங்கிட்டாங்க. பஸ்ஸு சும்மா நிக்கிது.'

இந்த வாக்கியத்தை அவள் தனியாக உண்டாக்கவில்லை. முன்னால் மூன்று பேர் கதையை அதுவரை நகர்த்தியிருந்தார்கள். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்ளும்போது, தனியே எட்டாதது எட்டுகிறது. பெரியவரின் வேலை 'அப்புறம்?', 'ஏன்?', 'ஆடு என்ன சொல்லுச்சு?' என்பதோடு சரி.

எனக்கோ 'ஒற்றுமையே பலம்' என்று பலகையில் எழுதக் கை பரபரத்தது. எழுதியிருந்தால் கதை என்னுடையதாகியிருக்கும். மறுநாள் எல்லோரும் எனக்குப் பிடித்த கதையைத்தான் கட்டியிருப்பார்கள். வடைக்கதையின் நீதிக்கும் நம் இயக்கத்தின் நீதிக்கும் இந்த இடத்தில் வித்தியாசமில்லை.

சிகாகோவில் ஆசிரியராக இருந்த விவியன் பேலி (1929-2019), குழந்தை சொல்வதை அதன் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, வகுப்பையே அதை நடிக்க வைப்பார். நானும் 'எறங்கிட்டாங்க' என்பதை 'இறங்கிவிட்டார்கள்' என்று திருத்தாமல் எழுதி வாசித்துக் காட்டினேன். தன் சொல் தாளில் இருப்பதைக் கேட்டவள் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு நடித்தார்கள். நடிக்கும்போது சண்டை வந்தது. 'எல்லாரும் எறங்கிட்டா ஆடு எப்படி ஊருக்குப் போகும்?'

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 'ம்' என்றேன்.