சில்லர் சத்தம் போடுகிறது... தண்ணீர் குளிர்கிறதா?

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால், சென்னையில் கடல் மீன் வளர்ப்பவர்களின் கவலையெல்லாம் தொட்டியைப் பற்றித்தான். கோமாளி மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் சுகம். 30-ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் திணறிவிடும். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ அப்போதுதான் அது அதிகம் வேண்டும்.

சத்தம் கேட்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது வெறும் ஃபேன் சத்தமாகவும் இருக்கலாம். காற்று வெளியேறும் பக்கம் கையை நீட்டிப் பாருங்கள். ஏசியின் வெளி யூனிட் போல அனல் அடிக்க வேண்டும். தண்ணீரில் இருந்து எடுத்த சூடு அந்த வழியாகத்தானே வெளியே போகிறது! சுவிட்ச் போட்டுச் சில நிமிடங்கள் கழித்தும் அனல் இல்லையென்றால், கம்ப்ரசர் ஓடவில்லை அல்லது கேஸ் கசிந்திருக்கலாம்.

சில்லர் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தனித் தெர்மாமீட்டரால் தொட்டித் தண்ணீரையும், சில்லரில் இருந்து திரும்பி வரும் தண்ணீரையும் பாருங்கள். பம்ப் வேகமாகத் தள்ளினால் வித்தியாசம் கொஞ்சமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை குறித்து வந்தால், தொட்டியின் சூடு படிப்படியாக இறங்க வேண்டும்.

இறங்கவில்லையா? மெக்கானிக்கை அழைக்கும் முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு கிரில்லில் படிந்த தூசியைத் தட்டுங்கள். மூடிய அலமாரிக்குள் வைத்த சில்லர், தான் விட்ட அனலையே திரும்ப இழுக்கும். அதை வெளியே எடுத்து வையுங்கள்.

மெக்கானிக் வரும்வரை தொட்டி விளக்கை அணைத்து, தண்ணீரின் மேல் டேபிள் ஃபேன் காற்று படும்படி செய்யலாம். ஆவியாகிக் குறையும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிவிடும்.