எட்டரை மீட்டர் நீள ஒலி

ஜமைக்கா தீவின் தலைநகர் கிங்ஸ்டனில் ஆஸ்போர்ன் ரடாக் என்றொருவர் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்த்துவந்தார். ஊருக்கு அவர் ‘கிங் டப்பி’. 1970களில் அவர் தன் சின்ன ஸ்டுடியோவில் ஒரு விசித்திரமான வேலை செய்தார். ஜமைக்காவின் ரெகே இசையில் யாரோ பாடி முடித்த பாட்டை எடுத்துக்கொள்வார். பாடகரின் குரலைத் தூக்கிவிடுவார். கிட்டாரைப் பாதியில் நிறுத்திவிடுவார். மிஞ்சி நிற்பது டிரம்மும், அடிவயிற்றில் இடிக்கிற தாழ்ந்த ஒலியான பேஸும்தான். நடுவே குரலிலிருந்து ஒரே ஒரு சொல்லை மட்டும் உள்ளே விட்டு, அதை எதிரொலிக்க வைப்பார். சொல் திரும்பத் திரும்ப வந்து, தேய்ந்து, மறையும். இந்த இசைக்கு ‘டப்’ என்று பெயர். ஒரு மெக்கானிக் கண்டுபிடித்த இசை என்பதாலேயே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

டப்பியிடம் வேலை கற்றவர் கிங் ஜாமி. ஜப்பானின் கேஸியோ நிறுவனம் எம்.டி.-40 என்ற சின்ன கீபோர்டு ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் தானாகவே தாளமும் பேஸும் வாசிக்கும். அதிலிருந்த ‘ராக்’ தாளத்தை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண். கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர் அவர்! அந்தத் தாளத்தின் வேகத்தைக் குறைத்து, 1985இல் ஜாமி ஒரு பாட்டு வெளியிட்டார். பேஸ் கிட்டார் வாசிக்க ஆளே தேவைப்படாத அந்த ‘ஸ்லெங் டெங்’ தாளம் ஜமைக்காவையே புரட்டிப்போட்டது. ரெகே கம்ப்யூட்டருக்குள் புகுந்தது. இங்கிலாந்தில் ஆள் உயரத்தைத் தாண்டி அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளில், இப்படி எலக்ட்ரானிக் கருவிகளில் செய்த டப், அதாவது டிஜிட்டல் டப், முழங்கத் தொடங்கியது.

அதே இசையைச் செல்போனில் போட்டுப் பாருங்கள். டிக் டிக் என்று ஏதோ கேட்கும். பேஸைக் காணோம். எங்கே போனது?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அத்தனை ஹெர்ட்ஸ். டப் பேஸ் 40 ஹெர்ட்ஸ் வரைகூட இறங்கும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்துதான் காற்றைத் தள்ளுகிறது. அதிர்வு மெதுவாக ஆக, அதே பலத்தில் ஒலிக்கக் கூம்பு அதிக தூரம் அசைந்தாக வேண்டும். 400 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறங்கினால் பத்து மடங்கு அல்ல, நூறு மடங்கு! செல்போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்கு அவ்வளவு அசைய இடமே இல்லை. கூம்பு அகலமானால் குறைந்த அசைவிலேயே அதே அளவு காற்றைத் தள்ளிவிடலாம்; அதனால்தான் பேஸுக்கான ஸ்பீக்கரான வூஃபர் என்றாலே அகலமாக இருக்கிறது.

சாதாரண பேஸ் கிட்டாரில் 40 ஹெர்ட்ஸோடு 80, 120, 160 என்று மேல் அதிர்வுகளும் கலந்து வரும். செல்போன் மேலே உள்ளவற்றை மட்டும் ஒலித்தாலும், நம் மூளை கணக்குப் போட்டு 40ஐத் தானே நிரப்பிக்கொள்ளும். டிஜிட்டல் டப்பில் பேஸ் பல நேரம் துடைத்துவைத்த மாதிரி சுத்தமான அலை. மேல் அதிர்வுகள் மிகக் குறைவு. மூளைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. ஆகவே அது முழுக்கவே காணாமல் போகிறது.

சரி, நல்ல ஸ்பீக்கரில் வீட்டில் கேட்போம். இப்போது வேறொரு வேடிக்கை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். அதை 40ஆல் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைக்கும்: சுமார் எட்டரை மீட்டர். உங்கள் அறையைவிட ஓர் அலை நீளம்! அறையின் நீளம் அதில் சரிபாதி, அதாவது 4.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும், எதிரே வரும் அலையும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரிடத்திலேயே நிற்கும். சுவரோரம் காதை வைத்தால் பேஸ் இடி மாதிரி. அறையின் நடுவில் வந்து நின்றால் மெலிந்துபோகும். பாட்டு ஓடும்போது மெதுவாக நடந்து பாருங்கள், தெரியும். ஒவ்வொரு சுரத்துக்கும் அலைநீளம் வேறு என்பதால், ஒரு சுரம் முட்டும் இடத்தில் இன்னொன்று ஒளிந்துகொள்ளும். ஊதிய பலூனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடந்தால் உள்ளங்கையிலேயே வித்தியாசம் தெரியும்.

பக்கத்து வீட்டுக்குப் பாட்டு கேட்பதில்லை, ‘தும் தும்’ மட்டும்தான் கேட்கிறது. கனமான ஊஞ்சலை விரலால் படபடவென்று தட்டினால் அசையாது; நிதானமாகத் தள்ளினால் நகரும். சுவரும் அப்படித்தான். வேகமான அதிர்வுகளுக்கு அசைந்து கொடுக்காத சுவர், மெதுவான அதிர்வுகளுக்குக் கொஞ்சம் இசைந்துவிடுகிறது. அந்த அசைவு அடுத்த பக்கத்துக் காற்றையும் தள்ளுகிறது.

எதிரொலியை மறந்துவிட்டேனே! டப்பி அதை டேப்பில் செய்தார். டிஜிட்டல் டப்பில் ஒலி வெறும் எண்களின் வரிசை: ஒரு நொடிக்கு 44,100 எண்கள். பாட்டு நிமிடத்துக்கு 140 தட்டு என்றால், முக்கால் தட்டு தாமதிக்க 14,175 எண்களை நினைவகத்தில் நிறுத்திவைத்து, பிறகு வெளியே விட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எண்களைச் சற்றே சிறிதாக்கித் திரும்ப உள்ளே அனுப்பினால், சொல் தேய்ந்துகொண்டே போகும். பெருக்கல் தெரிந்தால் போதும், எதிரொலி தயார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 14,175 சரிதானா என்று.

ஓர் எச்சரிக்கை. நம் காது தாழ்ந்த ஒலிக்கு மந்தம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி சில டெசிபலிலேயே கேட்டுவிடும். 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கச் சுமார் 50 டெசிபலாவது வேண்டும். அதனால் சத்தத்தைக் குறைத்தால் முதலில் மறைவது பேஸ்தான். அதைத் தேடி வால்யூமை ஏற்றினால் மற்ற ஒலிகளும் சேர்ந்தே ஏறிக் காதைக் கெடுக்கும். குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வால்யூமைத் தொடாமலே பேஸைக் கூட்ட ஒரு வழி உண்டு: ஸ்பீக்கரை அறையின் மூலையில் வையுங்கள். இரண்டு சுவரும் தரையும் தாழ்ந்த ஒலியைச் சிதறவிடாமல் உங்கள் பக்கமே திருப்பும். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர் மூலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.