படுக்கையறையில் கணினிக்கு இடம் அமைத்தல்

படுக்கையறைக் கணினி இடம் என்பது உறங்கும் அறையின் ஒரு மூலையைக் கணினிப் பணிக்கு ஏற்றவாறு ஒழுங்குபடுத்துவதாகும். 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டபோது, தனி அறை இல்லாத பல வீடுகளில் இத்தேவை எழுந்தது. கட்டிலில் அமர்ந்தே மடிக்கணினியைப் பயன்படுத்துவது எளிதாகத் தோன்றினாலும், கழுத்தும் முதுகும் வளைகின்றன. மெத்தை காற்றுத் துளைகளை மூடுவதால் கணினியும் சூடாகிறது.

மேசையும் இருக்கையும்

அறையின் பரப்பைவிட உயரமும் ஒளியுமே முதன்மையானவை. 60 செ.மீ. அகலமுள்ள மேசைப்பலகை போதுமானது. கண்ணுக்கும் திரைக்கும் இடையே 50 முதல் 70 செ.மீ. வரை, அதாவது ஏறத்தாழ ஒரு கை நீளம், இடைவெளி வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ, விசைப்பலகை முழங்கை மட்டத்திலோ அமைதல் நன்று. மடிக்கணினியில் இவ்விரண்டும் ஒருங்கே இயலா. திரையை உயர்த்தினால் விசைப்பலகையும் உயர்ந்துவிடும். எனவே காற்றுத் துளைகள் மூடாதவாறு தடித்த நூல்களின் மேல் அதனை வைத்து, தனி விசைப்பலகையும் சுட்டியும் இணைப்பர். விலைகொடுத்து வாங்கும் தாங்கியும் பெரும்பாலும் இதே பணியையே செய்கிறது. வழக்கமான 75 செ.மீ. உயர மேசை உயரம் குறைந்தோருக்குப் பொருந்தாது. அவர்கள் இருக்கையை உயர்த்திப் பாதங்களுக்கு அடியில் பலகை இடலாம்.

ஒளி

சாளரம் திரைக்குப் பின்னால் இருப்பின் கண் கூசும். பயனருக்குப் பின்னால் இருப்பின் திரையில் ஒளி தெறிக்கும். பக்கவாட்டில் இருப்பதே ஏற்றது. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடிகள் பார்க்குமாறு கண் மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். பத்தடி அறைக்குள் அத்தொலைவு கிடைக்காது என்பதால், மேசையைச் சாளரத்தின் அருகே இடுவது இதற்கும் பயன்படும்.