ஒளிப்படக் கலைஞர் உடை

ஒளிப்படக் கலைஞர் உடை என்பது, படமெடுக்கும் இடத்துக்கும் நிகழ்வுக்கும் ஏற்ப ஒளிப்படக் கலைஞர்கள் அணியும் ஆடையைக் குறிக்கும். இதற்கெனப் பொதுவான சீருடை கிடையாது.

காட்டுயிர்களைப் படமெடுப்போர் இலைப்பச்சை, காக்கி, மண்நிற ஆடைகளையே உடுத்துவர். பறவைகளுக்கு நிறங்களைப் பிரித்தறியும் திறன் மிகுதி. வெள்ளைச் சட்டை தொலைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மான் சிவப்பைச் சரியாக உணராது. ஆனால் அசைவையும், துணி உரசும் ஓசையையும் உடனே கண்டுகொள்ளும்.

இதே பச்சை உடை போர்முனையில் உயிருக்கே ஆபத்தாகலாம். அணிந்திருப்பவரைப் படைவீரர் என்று தவறாகக் கருதிச் சுட்டுவிட வாய்ப்புண்டு. ஆகவே அங்கு செல்வோர், 'பிரஸ்' என்று பெரிய எழுத்தில் பொறித்த குண்டு துளைக்காத மேலங்கியும் தலைக்கவசமும் அணிகின்றனர். மேலங்கி பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, போர்க்களச் செய்தியாளர்களைக் குடிமக்களாகவே கருதுகிறது. எனினும், இவ்வாறு அணிந்திருந்தவர்களும் கொல்லப்பட்டதுண்டு.

ஸ்டூடியோவிலும் நிறம் முக்கியமே. பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை விளம்பரத்துக்காக எடுக்கும்போது, எடுப்பவரின் சிவப்புச் சட்டை அதில் தெரிந்தால் படம் கெட்டுவிடும். அதனால் கறுப்பு உடையே ஏற்றது. திருமண வீட்டில் மணவறை அருகே காலணியைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு எடுக்க வேண்டியிருக்கும். இறுக்கமான கால்சட்டை அங்கு உதவாது.